கடற்படை போனது, குண்டுகள் போகவில்லை



வியேக்கஸ் என்ற தீவின் பெயரை நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கரிபியன் கடலில், அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த சிறிய தீவு அது. ஆனால் அங்குள்ள பெண்களின் கதை நமக்குப் புதிதாக இராது.

1940களில் அமெரிக்கக் கடற்படை அத்தீவின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட நிலத்தை எடுத்துக்கொண்டது. வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தீவின் நடுப்பகுதிக்கு நகர்த்தப்பட்டன. அங்கே கிடைத்த துண்டு நிலத்துக்குக் காணி உறுதி கொடுக்கப்படவில்லை. மேற்கே ஆயுதக் களஞ்சியம், கிழக்கே குண்டு போட்டுப் பழகும் இடம், இடையில் சனங்கள். இப்படியே அறுபது வருடங்கள்.

முதலில் எழும்பியவர்கள் கடற்றொழிலாளர்கள். 1970களின் கடைசியில் சிறு படகுகளோடு போர்க்கப்பல்களை மறித்தார்கள். பின்பு 1999 ஏப்பிரல் 19 அன்று, பயிற்சி விமானம் இலக்குத் தவறிப் போட்ட குண்டுகளில் டேவிட் சானெஸ் என்ற உள்ளூர்க் காவலாளி இறந்தார். அதற்குப் பிறகு சனங்கள் பொறுக்கவில்லை. வெடிக்காத குண்டுகள் கிடந்த அதே நிலத்துக்குள் போய்க் கொட்டில் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் இருக்கும்வரை குண்டு போட முடியவில்லை. வியேக்கஸ் பெண்கள் கூட்டணி அமைந்ததும் அந்த வருடத்தில்தான். 2000 மே மாதம் எல்லோரையும் அப்புறப்படுத்திய பின்னரும் மீண்டும் மீண்டும் உள்ளே நுழைந்து சிறை சென்றார்கள், பெண்களும்தான். 2003 மே 1 அன்று கடற்படை வெளியேறியது.

போராடியவர்கள் கேட்டவை நான்கு: இராணுவம் போக வேண்டும், நிலம் துப்புரவாக்கப்பட வேண்டும், காணி திரும்ப வேண்டும், தீவு முன்னேற வேண்டும். முதலாவது கிடைத்தது.

காணியின் பெரும்பகுதி மக்களிடம் வராமல் வனவிலங்குச் சரணாலயமாக மத்திய அரசிடம் போனது. (அறுபது வருடம் குண்டு விழுந்த இடம் சரணாலயமாம்!) 2005இல் மிக மோசமாக மாசடைந்த இடங்களின் அமெரிக்கப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. எடுத்த குண்டுகளில் பலவற்றைத் திறந்த வெளியிலேயே வெடிக்க வைத்தார்கள். அந்தப் புகைக்கும் சனங்கள் பயந்தார்கள். 1999இல் யுரேனியம் கலந்த ரவைகள் சுடப்பட்டதைக் கடற்படையே ஒப்புக்கொண்டது.

பிரதான தீவைவிட வியேக்கஸில் புற்றுநோய் அதிகம் என்று புவேர்ட்டோ ரிக்கோ சுகாதாரத் திணைக்களம் கண்டது. ஆனால் குண்டுகளால்தான் நோய் வந்தது என்பதற்குச் சான்று இல்லை என 2013இல் அமெரிக்க அரச நிறுவனம் ஒன்று அறிக்கை விட்டது. பல விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. நஞ்சைப் போட்டவர்களை விட்டுவிட்டு நோயாளியிடம் சான்று கேட்பது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

2017 செப்ரெம்பரில் மரியா புயல் அங்கிருந்த ஒரே வைத்தியசாலையையும் சிதைத்தது. அதன்பின் வருடக்கணக்கில், இரத்தச் சுத்திகரிப்புக்குச் சிறுநீரக நோயாளிகள் கிழமைக்கு மூன்று தடவை சிறு விமானத்தில் கடல் தாண்டினார்கள். பிள்ளைப்பேற்றுக்கும் பிரதான தீவுக்குத்தான் போக வேண்டியிருந்தது.