சிரிப்பும் பாட்டும் விஞ்ஞானத்துக்குப் பகையா?

விஞ்ஞானத்தில் நாட்டம் உள்ளவர்கள் சிரிக்கக் கூடாதா? பாட்டுக் கேட்கக் கூடாதா?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் படித்தவர்களில் பலர் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். பி.எஸ்.சி. படித்துவிட்டு மும்பையில் வங்கிக் குமாஸ்தாவாக இருப்பவரும், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பெங்களூர் தொழிற்சாலையில் பிட்டராக இருப்பவரும் அறிவை ஒரு பெட்டியிலும் பொழுதுபோக்கை இன்னொரு பெட்டியிலும் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தமக்குப் பிடித்த ஒரு வேடிக்கைப் பாட்டை நண்பருக்கு அனுப்பக் கூச்சப்படுகிறார்கள். ‘இதைப் போய் அனுப்பினால் என்ன நினைப்பாரோ’ என்ற தயக்கம்!

அதே கை, ‘நாசா கண்டுபிடித்தது’ என்று தொடங்கும் பொய்ச் செய்தியை ஒரு நொடியும் தயங்காமல் நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறது. இது என்ன நியாயம்?

சிரிப்பும் பாட்டும் விஞ்ஞானத்துக்குப் பகை அல்ல, நல்ல துணை. பெரிய கம்பெனிகளின் தயவை எதிர்பாராமல், சொந்த முயற்சியில் பாடிப் பெயர் பெற்ற சில கலைஞர்களின் கதையே இதற்குச் சாட்சி.

பதினைந்து டாலர் இசைத்தட்டு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர் டாம் லெரர். பதினெட்டு வயதிலேயே பட்டம் வாங்கியவர். பியானோ வாசித்துக்கொண்டே கேலிப் பாட்டுப் பாடுவதில் வல்லவர். 1953-ம் ஆண்டில் 15 டாலர் செலவில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் 12 பாடல்களைப் பதிவு செய்தார். 400 தட்டுகள் போட்டார். தட்டு ஒன்றுக்கு 3 டாலர் என்று பல்கலைக்கழக வட்டாரத்திலேயே விற்றார்.

விளம்பரம் இல்லை. கம்பெனி இல்லை. ஆனால் வாங்கிய மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தட்டையும் எடுத்துப் போனார்கள். வீட்டில் போட்டுக் காட்டினார்கள். பல ஊர்களிலிருந்து ஆர்டர்கள் வரத் தொடங்கின. கைக்குக் கை மாறிய அந்தத் தட்டுதான் ஒரு கணித மாணவரை நாடறிந்த பாடகராக்கியது.

102 ஆனது 118

அவர் 1959-ல் வெளியிட்ட ஒரு பாட்டில் அன்று தெரிந்திருந்த 102 தனிமங்களின் பெயர்களும் அடுக்கடுக்காக வரும். மெட்டு அவருடையது அல்ல. 1879-ல் அரங்கேறிய ஓர் ஆங்கில இசை நாடகத்துக்கு ஆர்தர் சல்லிவன் அமைத்த மெட்டு அது. மூச்சு விடாமல் பாடியாக வேண்டும். கேட்பவருக்குச் சிரிப்பு, பாடுபவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு!

அந்தப் பாட்டின் முடிவில்தான் நயம் இருக்கிறது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்கள் பல இருக்கலாம் என்று அவர் சொல்லி முடித்தார். சொன்னபடியே நடந்தது. இன்று தனிம அட்டவணையில் 118 இருக்கின்றன. பதினாறு கூடிவிட்டன. ‘தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இன்னும் உண்டு’ என்று ஒப்புக்கொள்வதே விஞ்ஞான மனப்பான்மை. அதை ஒரு வேடிக்கைப் பாட்டு சொல்லிவிட்டது.

சூரியன் பாட்டு

ஜான் ஃபிளான்ஸ்பர்க், ஜான் லின்னல் என்ற இரண்டு நண்பர்கள் 1982-ல் நியூயார்க் நகரில் ‘தே மைட் பி ஜயண்ட்ஸ்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். தங்கள் பாட்டை நாலு பேர் கேட்க வேண்டுமே! அதற்கு ஒரு வழி செய்தார்கள். போன் அழைப்புக்குப் பதில் சொல்லும் இயந்திரத்தில் பாட்டைப் பதிந்து வைத்தார்கள். எண்ணைச் சுழற்றினால் மறுமுனையில் பாட்டு வரும். ஆபீசிலிருந்து அழைத்தால் இலவசம் என்று குறும்பாக விளம்பரமும் செய்தார்கள். குமாஸ்தாக்களின் மனதை அறிந்தவர்கள்!

1959-ல் ஹை ஜாரெட், லூ சிங்கர் இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்காக சூரியனைப் பற்றி ஒரு பாட்டு இயற்றியிருந்தார்கள். அந்தப் பாட்டை இந்தக் குழு 1993-ல் பாடி வெளியிட்டது. சூரியன் என்பது தகதகக்கும் வாயுத் திரள் என்பது அதன் சாரம். ஆனால் சூரியனில் இருப்பது சாதாரண வாயு அல்ல, பிளாஸ்மா. கடும் வெப்பத்தில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் நிலை அது. திடம், திரவம், வாயு என்ற மூன்றுக்கும் அடுத்த நான்காவது நிலை.

குழு என்ன செய்தது? ‘பாட்டுத்தானே, போகட்டும்’ என்று விட்டுவிடவில்லை. 2009-ல் குழந்தைகளுக்காக ஒரு விஞ்ஞானப் பாட்டுத் தொகுப்பு வெளியிட்டபோது பழைய பாட்டையும் சேர்த்தது. அடுத்தபடியாக, பழைய பாட்டு சொன்னது சரியல்ல என்று திருத்தும் புதிய பாட்டையும் சேர்த்தது. தவறையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிரித்துக்கொண்டே பாடிவிட்டார்கள்.

இன்னொரு சூரியன் கதையும் உண்டு. சூரியன் ‘ஓம்’ என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்துவிட்டது என்று ஒரு வீடியோ 2020-ல் இந்தியாவில் போனுக்குப் போன் பறந்தது. விண்வெளியின் வெற்றிடத்தில் ஒலி பயணம் செய்யாது என்பது பள்ளிப் பாடம். சூரியனின் அதிர்வுகளை அளந்து, அந்த அளவுகளை விஞ்ஞானிகள் ஒலியாக மாற்றிக் காட்டுவது உண்டு. சூரியன் மந்திரம் ஓதுகிறது என்பது கட்டுக்கதை. அதை அனுப்பியவர்களில் எத்தனை பேர், ‘தவறாக அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும்’ என்று மறுநாள் திருத்தம் அனுப்பினார்கள்? வேடிக்கைப் பாட்டுக்காரர்களிடம் இருந்த நேர்மை, பொறுப்பானவர்கள் என்று பெயர் எடுத்தவர்களிடம் இல்லையே!

போபாலில் சேர்ந்த பயணம்

‘அதெல்லாம் அமெரிக்காவில்; நம் நாட்டுக்குச் சரிப்படுமா?’ என்று கேட்பவர்களுக்குக் கேரளம் பதில் சொல்லும். 1962-ல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1980-ல் கலைப் பயணம் ஒன்றைத் தொடங்கியது. பாட்டும் தெருநாடகமும் கிண்டலுமாக விஞ்ஞானத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. 1987-ல் அகில இந்திய அளவில் மக்கள் விஞ்ஞானப் பயணம் நடந்தது. நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து புறப்பட்ட கலைக் குழுக்கள் போபாலில் வந்து சேர்ந்தன. 1984-ல் விஷ வாயுவால் ஆயிரக்கணக்கானோர் மாண்ட அதே போபால்! விஞ்ஞானம் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்ல வேறு ஊர் கிடைக்காது.

தமிழுக்கும் இது புதிது அல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், நந்தனார் கதா காலட்சேபத்தின் பாணியை எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ நடத்தினார். நந்தனார் கோயிலுக்குப் போகத் துடித்தார். கிந்தனார் படிக்கத் துடித்தார். பழைய பாணி, புதிய சரக்கு. லெரர் செய்ததும் அதுதானே!

மதிப்புக் குறையுமா?

விஞ்ஞானத்தை வேடிக்கையாக்கினால் அதன் மதிப்புக் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு. 102 பெயர்களை ஒப்பிப்பதால் ரசாயனம் தெரிந்துவிடாது. பாட்டு பாடப் புத்தகத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது.

ஆனால் பாட்டு வாசற்கதவைத் திறந்துவிடும். தனிம அட்டவணையைப் பார்த்தாலே மிரளும் பையன், அந்தப் பெயர்களை மெட்டோடு கேட்டபின் மிரளமாட்டான். ‘இதில் இட்ரியம் என்கிறார்களே, அது என்னப்பா?’ என்று கேட்பான். அந்த ஒரு கேள்வி போதும். எட்டு மணி நேரம் மிஷினோடு நின்றுவிட்டு வரும் தொழிலாளிக்கும், நாள் முழுவதும் கணக்குப் பார்த்துவிட்டு வரும் குமாஸ்தாவுக்கும் இரவில் கனமான புத்தகத்தைப் பிரிக்கத் தெம்பு இருக்காது. மூன்று நிமிடப் பாட்டைக் கேட்க இருக்கும்.

பகிர்பவரின் கடமை

பகிர்வதிலும் ஒரு முறை உண்டு. சினிமாப் பாட்டுக்குக் கம்பெனி இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது. தனியாகப் பாடுபவருக்கு ரசிகரின் வாய்தான் விளம்பரம். பெயரை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்புவது, உழைத்தவருக்குக் கூலி கொடுக்காமல் விடுவதற்குச் சமம். கூலியின் அருமை தொழிலாளிக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஜோனதன் கூல்டன் 2005-ல் வேலையை விட்டுவிட்டு, வாரம் ஒரு பாட்டு வீதம் ஓர் ஆண்டு முழுவதும் வெளியிட்டார். கணிதத்தையும் கம்ப்யூட்டர் ஊழியரின் சலிப்பையும் பாட்டாக்கியவர் அவர். ரசிகர்கள் பாட்டைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்ள அனுமதித்தார். விரும்பியவர்கள் விலை கொடுத்தும் வாங்கினார்கள். அதில்தான் அவருடைய பிழைப்பு நடந்தது. லெரரோ 2022-ல் தம் பாட்டுகளின் மீதான உரிமைகள் அனைத்தையும் உலகத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, 2025 ஜூலையில் 97-ம் வயதில் மறைந்தார். ஒருவர் இலவசமாகக் கொடுக்கிறார். இன்னொருவர் விலை கேட்கிறார். இரண்டும் நியாயமே. கேட்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும். எவர் பாட்டாயினும் பெயரைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

வெளிமாநிலங்களில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் இதில் ஒரு காரியம் செய்யலாம். ஆண்டு விழாக்களில் சினிமாப் பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே அரை மணி நேரம் ஒதுக்கட்டும். அங்கத்தினர்களே இயற்றிய விஞ்ஞான வேடிக்கைப் பாட்டுக்கு மேடை கொடுக்கட்டும். கும்மி மெட்டில் 118 தனிமங்கள் வரட்டும். வில்லுப்பாட்டில் மின்சார மோட்டார் சுழலட்டும். ஷாப்பில் வேலை பார்க்கும் தொழிலாளிக்குத் தெரியாத மோட்டாரா?

பாட்டில் தவறு வந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த ஆண்டு விழாவில் திருத்தப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டால் போயிற்று!