கண்ணுக்குக் கீழே கருவளையம்: ஊசி போடலாமா?

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கருவளையம். டவுன் பியூட்டி பார்லரில் குளுட்டாதயோன் ஊசி போட்டால் வெளுத்துவிடும் என்கிறார்கள், போடலாமா என்று ஈரோடு மாவட்டத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். தோலை வெளுக்க வைப்பதற்கென்று இந்த ஊசிக்கு நம் நாட்டில் அனுமதி இல்லை. நரம்பில் ஏற்றுகிற மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் உயிருக்கே ஆபத்து. பார்லரில் அதைச் சமாளிக்க டாக்டர் இருக்க மாட்டார். மேல்நாடுகளில் இதற்கு நேர்மாறாக, தோலைக் கறுக்க வைக்க மெலனோட்டான் என்று ஒரு ஊசியை அனுமதியில்லாமல் விற்கிறார்கள். போட்டவர்களுக்கு மச்சங்களும் சேர்ந்து கறுத்ததுதான் மிச்சம்.

கருவளையம் சிலருக்குப் பரம்பரை. தாயின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தூசியில் கண் அரித்து, ஓயாமல் கசக்கினாலும் தோல் கறுக்கும். ரத்தசோகையில் முகம் வெளிறினால் இருக்கிற கருமை எடுப்பாகத் தெரியும். நம் பெண்களிடம் ரத்தசோகை அதிகம் என்பதால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. 12 கிராமுக்குக் குறைந்தால் டாக்டர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடலாம். மாத்திரையோடு டீ, காபி கூடாது. சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறு நல்லது.

கடையில் கேட்டு வாங்கும் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கண்ணருகே மாதக்கணக்கில் பூசினால் கண்ணழுத்தம் கூடிப் பார்வையையே பாதிக்கலாம். ஏற்கெனவே பூசி வருகிறவர்கள் டியூபோடு தோல் டாக்டரிடம் போய்க் காட்டவும்.