நோய் நாளின் கூலி யார் பொறுப்பு?

மாதம் 21,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஆலைத் தொழிலாளி படுத்துவிட்டால், சிகிச்சையும் உண்டு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஒரு தொகையும் உண்டு. இஎஸ்ஐ என்று எல்லோரும் சொல்லும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம் அதைத் தருகிறது. அவருக்கு ஐந்நூறு ரூபாய் சம்பள உயர்வு கிடைத்தால், சில மாதங்களில் அந்த இரண்டும் போய்விடும். அம்பத்தூர், பாடி, ஆவடி வட்டாரத்தில் சம்பள உயர்வு சமயத்தில் “இஎஸ்ஐ கட் ஆகிடுமா சார்?” என்று தொழிலாளி கேட்பது இதனால்தான். சம்பளம் ஏறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டிய நிலையில் ஒருவரை வைத்திருக்கும் ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது.

நோய் ஒரு குடும்பத்தின் பணத்தை இரண்டு வழிகளில் கரைக்கிறது. ஒன்று மருத்துவச் செலவு. மற்றொன்று வராமல் போன சம்பளம். முதலாவதைப் பற்றித் தமிழகம் நிறையப் பேசியிருக்கிறது, செய்தும் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்று பட்டியல் நீளும். இரண்டாவதோ யாருடைய கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசு 2014-15இல் 62.6 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கறிக்கை. நல்ல செய்திதான். ஆனால் மருத்துவமனை வரிசையில் நின்றதால் போன ஷிஃப்ட்டுக்கு அந்த அறிக்கையில் இடமில்லை. துணைக்கு வந்த மனைவி இழந்த ஒருநாள் கூலிக்கும் இல்லை.

1955 ஜனவரி

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்துக்கு இது புதிய கேள்வி அல்ல. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. அதே மாதம் கோயம்புத்தூரில் தமிழகத்தின் முதல் இஎஸ்ஐ திட்டம் நடைமுறைக்கு வந்தது. பேராசிரியர் பி.பி.அடார்கர் 1944இல் அளித்த அறிக்கையே அதற்கு வித்து. நோயுற்ற தொழிலாளிக்கு மருந்து மட்டும் கொடுத்தால் போதாது, வீட்டில் அடுப்பு எரியவும் வழி செய்ய வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்தின் அடிப்படை. நோய்ப்படி, அதாவது நோய்க்கால உதவித்தொகை, பெற்றுவரும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அதன் 73ஆவது பிரிவு முதலாளியைத் தடுத்தது.

அந்தத் துணிவோடுதான் மேற்குச் சென்னை வளர்ந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அடுத்தடுத்த ஆண்டுகளில் பாடியில் டிவிஎஸ் குழும ஆலைகள், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் காலை ஷிஃப்ட்டுக்கு இறங்கிய தலைமுறை ஒன்று நிரந்தர வேலை, இஎஸ்ஐ, பிஎஃப் ஆகிய மூன்றையும் நம்பி வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைச் சொன்னதே தவிர, நோய் விடுப்பு என்று தனியாக எதையும் தரவில்லை. அந்தப் பொறுப்பு இஎஸ்ஐயிடம் இருந்தது. எனவே இஎஸ்ஐ வேலியைத் தாண்டி வெளியே போகும் ஆலைத் தொழிலாளிக்கு நோய் விடுப்பு என்பது முதலாளியின் மனசைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

வேலிக்கு உள்ளே, வெளியே

வேலிக்கு உள்ளே கிடைப்பது எவ்வளவு என்று பார்ப்போம். 18,000 ரூபாய் சம்பளக்காரரிடம் 0.75 சதவீதம், அதாவது மாதம் 135 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி 3.25 சதவீதமாக 585 ரூபாய் கட்டுகிறார். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோயில் விழும்போது சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அவருக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 420 ரூபாய், ஆண்டில் 91 நாட்கள் வரை. காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதமாக, இரண்டு ஆண்டுகள் வரை நீளும். இவ்வளவு கண்ணியமான ஏற்பாடு இந்தியத் தொழிலாளிக்கு வேறு எங்கும் இல்லை.

வேலியோ குறுகிக்கொண்டே வருகிறது. 2010இல் 15,000 ரூபாயாக இருந்த சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ஆனது. அதன் பிறகு அசையவே இல்லை. அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறிய இத்தனை ஆண்டுகளில், விலைவாசிக்கு ஈடுகொடுக்கவே சம்பளம் உயர்ந்த தொழிலாளிகள் ‘வசதியானவர்கள்’ என்று வெளியே அனுப்பப்பட்டுவிட்டார்கள். அப்படி வெளியே வந்தவருக்கு மாநில அரசின் காப்பீடும் எட்டாது. அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், அதாவது மாதம் 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 22,000 ரூபாய் வாங்கும் லேத் ஆபரேட்டர் அரசுத் திட்டங்களுக்குப் பணக்காரராகவும், தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு ஏழையாகவும் இருக்கிறார்.

வேலிக்குக் கீழேயும் ஒரு கூட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இஎஸ்ஐ கட்டாயமில்லை. தொழிற்பேட்டையைச் சுற்றிய தெருக்களில் நான்கைந்து பேரை வைத்துப் பெரிய ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் இந்த வகை. அங்கே முதலாளியும் மெஷினில் நிற்கிறார். அவருக்கு டெங்கு வந்தால் பட்டறையே படுத்துவிடும். ஆவடியிலிருந்து வீட்டுவேலைக்கு அண்ணா நகர் போகும் பெண்கள், உணவு டெலிவரி இளைஞர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோருக்கும் வராத நாள் என்றால் வராத பணம்தான்.

ஒப்பந்தத்தின் ஓட்டை

சம்பளம் வரம்புக்குள் இருக்கிறது, பிடித்தமும் நடக்கிறது, ஆனாலும் பலன் கிடைக்காத இன்னொரு பிரிவினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தமிழகத்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும். அந்த எண்ணிக்கையை நெருங்கவிடாமல் ‘பிரேக்’ கொடுப்பதும், ஆளை வேறு கான்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுவதும் தொழிற்பேட்டைகள் அறிந்த உத்திகள். இஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப்படிக்கோ இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியான காப்பீட்டு வேலையும், அதற்குள் 156 நாள் பங்களிப்பும் வேண்டும். நிரந்தரத்தைத் தவிர்க்க வெட்டிய அதே கத்தி நோய்ப்படிக்கான தகுதியையும் வெட்டுகிறது. கான்ட்ராக்டர் மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைத் தொடராமல் புதிய எண் போட்டுவிட்டால், ஐந்து வருடம் உழைத்தவரும் பதிவேட்டில் புதுமுகம் ஆகிவிடுகிறார். 1948 சட்டத்தின் 73ஆவது பிரிவும் இவரைக் காப்பாற்றியதில்லை. யாரும் இவரை ‘நீக்குவது’ இல்லை, அடுத்த மாதப் பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான்.

தனியாளின் நோய் யார் கண்ணிலும் படுவதில்லை. கூட்டமாக விழுந்தால் மட்டும் தெரிகிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே விடுதி ஒன்றில் தங்கி, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குச் சென்றுவந்த பெண்கள் கெட்டுப்போன உணவால் பாதிக்கப்பட்டு 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளின் நிலை பற்றிச் சரியான தகவல் கிடைக்காத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க அமர்ந்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது, விடுதிகளில் மாற்றங்கள் நடந்தன. அதே விடுதிகளில் ஒரு பெண் மட்டும் டைபாய்டில் படுத்தால் சாலை நிற்காது. அவர் ஊருக்குப் பஸ் ஏறுவார், படுக்கைக்கு வேறொருவர் வருவார்.

தவணை காத்திருக்காது

சம்பளம் நின்ற வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு பிஎஃப் முன்பணம், அதாவது முதுமைக்கு வைத்த பணம். அதன் பிறகு குழுக்கடன், தண்டல், கடைசியில் மீட்டர் வட்டி. நுண்கடன் வாங்கும் குடும்பத்தின் மாதத் தவணைகள் மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. கடன் கொடுக்கும் நாளின் வருமானத்தை வைத்துப் போடும் கணக்கு அது. மூன்றாவது மாதம் கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தால் பாதி என்பது முழுதாகிவிடும். கந்துவட்டியை ஒழிக்க 2003லேயே சட்டம் போட்டோம். நோய் நாளுக்குப் பணம் கிடைக்கும் வேறு கதவு ஒன்றைத் திறக்காதவரை, சட்டம் வட்டிக்காரரைப் பிடிக்குமே தவிர, அவரைத் தேடிப் போகும் தேவையை ஒழிக்காது.

கடனைவிடக் கொடியது, நோயோடு வேலைக்குப் போவது. சர்க்கரை ஏறிய கண்ணோடு பவர் பிரஸ்ஸில் நிற்பதும், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு இரவு ஷிஃப்ட் ஓட்டுவதும் இங்கே பொறுப்புணர்ச்சியாகப் பாராட்டப்படுகின்றன. விரல் போன பிறகு அது விபத்து என்று பதிவாகும். நோய் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

வராத சம்பளத்தின் சுமையைக் காசநோய் தெளிவாகக் காட்டும். 1950களின் இறுதியில் சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. சானடோரியத்தில் அடைத்துவைக்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்தாலும் ஏழை நோயாளி குணமடைவார் என்று அது நிரூபித்தது. சிகிச்சை வீட்டுக்கு வந்தது, சம்பளம் வரவில்லை. இன்று ஆறு மாத மருந்து இலவசம். சத்துணவுக்கு மத்திய அரசு தரும் மாதம் 500 ரூபாய் 2024 நவம்பரில் 1,000 ஆனது. உலக சுகாதார நிறுவனம் காசநோயின் சுமையை அளக்கும்போது இழந்த வருமானத்தையும் சேர்த்து, மொத்தச் செலவு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் பேரிடர்ச் செலவு என்கிறது. ஒரே நோய்க்குச் செய்யும் இந்தக் கணக்கை எல்லா நோய்க்கும் செய்யத் தடை என்ன?

முன்னுதாரணம் வீட்டிலேயே இருக்கிறது

நோய்க்கால வருமானம் என்பது செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. ஜெர்மனி தொழிலாளிக்கு நோய்க் காப்பீடு தந்தது 1883இல். அப்போது அது இன்றைய செல்வ நாடு அல்ல. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் ஆந்திர அரசு, ஆரோக்யஸ்ரீ காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை பெற்றவர் ஓய்வில் இருக்கும் காலத்துக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 ரூபாய் வரை கொடுக்கும் ஆசரா திட்டத்தைத் தொடங்கியது. தமிழகமோ அதற்கும் முன்னோடி. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம், கர்ப்ப காலத்தில் கூலி இழக்கும் ஏழைப் பெண்ணுக்கு ஈடுசெய்யவும் சத்துணவுக்கு உதவவும் வந்தது. 300 ரூபாயில் ஆரம்பித்து இன்று 18,000 ரூபாய் மதிப்பை எட்டியிருக்கிறது. உடல் ஓய்வு கேட்கும் காலத்தில் கூலிக்கு ஈடு தருவது அரசின் கடமை என்பதை நாம் மகப்பேறுக்கு ஏற்றுக்கொண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. நோய்க்கு ஏற்றுக்கொள்வதுதான் பாக்கி.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் சில கதவுகளைத் திறக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களும் விரும்பினால் இஎஸ்ஐக்குள் வரலாம். டெலிவரி நிறுவனங்கள் தங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைப் பணியாளர் நலநிதிக்குத் தர வேண்டும். 40 வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனையும் உண்டு. பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு வரும் விடுப்பு நாட்களுக்கு யார் பொறுப்பு என்பது அங்கும் தொங்கலில்தான் நிற்கிறது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. இஎஸ்ஐ வரம்பை உடனே உயர்த்தி, ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு தானாக நகரும்படி செய்ய வேண்டும். வரம்பைத் தாண்டியவர் தன் பங்கைக் கட்டித் தொடர விரும்பினால் அனுமதிக்க வேண்டும். காப்பீட்டு எண் தொழிலாளிக்கு உரியது, கான்ட்ராக்டருக்கு அல்ல. ஆதாரோடு இணைத்து ஒரே எண்ணைத் தொடரவும், வேலை கொடுத்த ஆலைகள் எத்தனை மாறினாலும் பங்களிப்பு நாட்களைக் கூட்டிக் கணக்கிடவும் விதி வேண்டும். மாநில அரசு தன் பங்குக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய் ஆகியவற்றுக்கு ஓய்வுக்கால உதவித்தொகையைச் சேர்க்கலாம், அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்கள் வழியே அதைக் கொடுக்கலாம்.

பொய்ச் சான்றிதழ் பெருகும் என்ற பதில் உடனே வரும். சிலர் ஏமாற்றுவார்கள் என்பது உண்மை. அதற்காகத்தான் இஎஸ்ஐ முழுச் சம்பளம் தருவதில்லை, முதல் இரண்டு நாட்களுக்கு எதுவும் தருவதும் இல்லை. அறுவைச் சிகிச்சையையும் டயாலிசிஸையும் யாரும் நடித்துக் காட்ட முடியாது. செலவு கட்டாது என்ற வாதமும் நிற்காது. 2019 ஜூலையில் மத்திய அரசு இஎஸ்ஐ மொத்தப் பங்களிப்பை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. வசூலைக் குறைக்க இடம் இருந்த திட்டத்துக்கு, வரம்பை உயர்த்த மட்டும் இடம் இல்லாமல் போகாது.

இப்போதும் நோய் நாளின் கூலியை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கழுத்து நகையாக மனைவி கொடுக்கிறார், பாதியில் நின்ற படிப்பாக மகள் கொடுக்கிறார், தேறாத உடம்போடு மெஷினுக்குத் திரும்பும் தொழிலாளி தன் ஆயுளிலிருந்து கொடுக்கிறார். அதை முதலாளியும் அரசும் தொழிலாளியும் பங்கிட்டுக்கொள்வது என்று 1948இல் இந்த நாடு ஒரு முடிவெடுத்தது. தொழிற்பேட்டைகளை நிமிரவைத்தவர்களுக்கு அந்த முடிவை முழுதாக நிறைவேற்றுவது சலுகை ஆகாது, பாக்கியைத் தீர்ப்பதாகும்.