முதல் பரிசு இருக்கட்டும்... முதலில் குதிக்கக் கற்றுக்கொடுங்கள்!

பள்ளி விளையாட்டு விழா முடிந்த மறுநாள், எட்டு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்து வந்தார் அவன் அம்மா. மணிக்கட்டு நன்றாக வீங்கியிருந்தது. 'நீளம் தாண்டுறப்ப விழுந்துட்டான் டாக்டர். தைலம் போட்டு நீவி விடுங்க' என்றார். நான் நீவவில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன். எலும்பில் லேசான முறிவு! கட்டுப் போட்டு, கை சரியாகிவிட்டது. ஆனால், பையன் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 'இனிமே நான் குதிக்கவே மாட்டேன்!'

'எப்படிக் குதிக்கணும்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களாப்பா?' என்று கேட்டேன். 'இல்ல... பேர் மட்டும் எழுதிக்கிட்டாங்க' என்றான்.

என் ஆதங்கமே இதுதான். 'அ' எழுத, பிள்ளையின் விரலைப் பிடித்துச் சொல்லித் தருகிறோம். ஓடுவதும் தாண்டுவதும் எறிவதும் மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். வேகமாக ஓடும் நாலு பிள்ளைகளுக்குப் பயிற்சி. மற்றவர்களுக்கு மரத்தடியில் உட்கார்ந்து கைதட்டும் வேலை. பயிற்சி அதிகம் தேவைப்படுவது அந்த மரத்தடிப் பிள்ளைகளுக்குத்தான்!

'எங்க காலத்துல யார் சார் சொல்லிக் கொடுத்தா?' என்று கேட்பீர்கள். பாண்டியும் பச்சைக்குதிரையும் கிட்டிப்புள்ளும் சொல்லிக் கொடுத்தன. தினமும் சாயங்காலம் ஆடி ஆடியே உடம்பு பழகிவிட்டது. இன்று தெருவில் வண்டிகள், வீட்டில் செல்போன். அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம்தான் நடத்தியாக வேண்டும்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஓடும்போது பார்வை நேராக இருக்கட்டும். முழங்கையை மடக்கி, கைகளை முன்னும் பின்னும் வீச வேண்டும். மார்புக்குக் குறுக்கே வீசக் கூடாது. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்க வேண்டும். விறைத்த காலோடு இறங்கினால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகும். வலது கையால் எறிகிற பிள்ளை இடது காலை முன்னே வைத்து, இடுப்பைத் திருப்பி எறியட்டும். துணிப்பந்தோ டென்னிஸ் பந்தோ போதும். இரும்புக் குண்டெல்லாம் இந்த வயதில் வேண்டாம். தாண்டும் குழியில் மணலைக் கிளறி விடுங்கள். பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்கிற பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. கெட்டித் தரையில் திரும்பத் திரும்பக் குதித்தால் குதிகால் வலி வரும்.

இன்னொன்று. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. நீர்வேட்கையும் இளைப்பும் அதில் அடக்கம். 'முடிச்சிட்டுத் தண்ணி குடி' என்று குழந்தையை வெயிலில் நிறுத்தாதீர்கள். மூச்சு வாங்கினால் உட்காரட்டும், தவறில்லை.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. நம் பள்ளிகளிலோ, பரீட்சை வந்தால் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார்!

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மார்க்கை மட்டும் விசாரிக்காதீர்கள். 'எங்க பிள்ளைக்குக் குதிக்கச் சொல்லித் தர்றீங்களா?' என்றும் கேளுங்கள். எத்தனையாவதாக வந்தான் என்பது அப்புறம். நாளைக்கும் ஓட ஆசைப்படுகிறானா என்று பாருங்கள்.