பழைய காரில் சத்தம் வருதா? விற்கும் முன்னாடி காது கொடுத்துக் கேளுங்க

"12 வருஷ கார், இன்ஜின்ல சத்தம் வருது. கொடுத்துட்டு புதுசு எடுத்துடலாமா?" அடிக்கடி வர்ற கேள்வி இது. என் பதில் கேள்விதான்: என்ன சத்தம், எப்போ வருது?

ஏன்னா 6 லட்சம் கடன், 9.5% வட்டி, 5 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 12,600 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அந்த முடிவை ஒரு சத்தத்தை வச்சு எடுக்கக் கூடாது.

பயமுறுத்துற சத்தம் பல நேரம் சின்ன செலவுதான். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது 'கீச்'னு கத்தினா பெரும்பாலும் ஃபேன் பெல்ட். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது 'டக் டக்'னா ஆக்ஸில் ஜாயின்ட். அதோட ரப்பர் பூட் கிழிஞ்ச உடனே மாத்தினா செலவு கம்மி. கிரீஸ் வெளியேறி மண்ணு உள்ளே போனப்புறம் ஜாயின்ட்டையே மாத்தணும். வேகம் கூடக் கூட 'உம்ம்'னு இரைஞ்சா வீல் பேரிங்கைப் பாருங்க. இதெல்லாம் இன்ஜினுக்குள்ள இருக்கிற பழுதே இல்லை.

மேலே 'டிக் டிக்'னு கேட்டா முதல்ல டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பாருங்க. டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்டாவும் இருக்கலாம். ஆனா கீழிருந்து கனமா 'டொக் டொக்'னு, ரேஸ் பண்ணப் பண்ண அதிகமாச்சுன்னா கனெக்டிங் ராட் பேரிங் போயிருக்கலாம். கூடவே சிவப்பு ஆயில் லைட் எரிஞ்சா ஓரங்கட்டி அணைச்சுடுங்க. "வீடு வரைக்கும் ஓட்டிடலாம்"ங்கிற அந்த 4 கிலோமீட்டர்தான் பழுதை முழு இன்ஜின் வேலையா மாத்துது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. தேய்மானம், மெக்கானிக்கல் பழுது ரெண்டும் சாதாரண பாலிசியில் வராது. இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் முக்கியமா தண்ணி புகுந்தது, ஆயில் கசிஞ்சது மாதிரி விஷயங்களுக்குத்தான். பழைய வண்டிக்கு அது கிடைக்கிறதே கஷ்டம்.

"ரிப்பேர் செலவு வண்டி மதிப்புல பாதியைத் தாண்டினா வித்துடு"ன்னு ஒரு விதி சொல்வாங்க. எனக்கு உடன்பாடில்லை. 1,20,000 பெறும் காருக்கு 65,000 செலவுன்னு வைங்க. 'டொக் டொக்' சத்தத்தோட விக்கப் போனா அந்த 1,20,000 யார் தருவா? 65,000 என்பது அஞ்சு மாச இ.எம்.ஐ.யை விடக் கொஞ்சம்தான் கூட. அந்த வேலைக்கப்புறம் வண்டி ரெண்டு வருஷம் ஓடுமா? அதைத்தான் மெக்கானிக்கிட்ட கேக்கணும். அடித்தளம் துருப்பிடிச்சிருந்தா, பார்ட்ஸ் கிடைக்கலைன்னா, என் பதிலும் "வித்துடுங்க"தான். 15 வருஷம் நெருங்குதுன்னா ஆர்.சி. புதுப்பிக்கிற செலவையும் சேர்த்துப் பாருங்க. 2022 ஏப்ரல்ல காருக்கான கட்டணம் 600-லிருந்து 5,000 ஆச்சு.

கடைசியா ஒண்ணு. காலையில மட்டும் வர்ற சத்தம், நீங்க ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்றதுக்குள்ள இன்ஜின் சூடாகி மறைஞ்சிடும். அதனால முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுட்டு, காலையில முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கையே பண்ணச் சொல்லுங்க. முடியலைன்னா போன்ல ரெக்கார்ட் பண்ணிக் காட்டுங்க. செக் பண்ண தனியா காசு கேட்டா பேரம் பேசாம கொடுங்க. எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க. மாத்தின பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்கிட்டு வாங்க.