சான்றிதழ் மனசாட்சியைச் சுத்திகரிக்குமா?

தியானப் பகுதி: லூக்கா 3:12–14; அப்போஸ்தலர் 19:18–27



கனடாவுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இந்நாட்களில் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "கஞ்சாக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. அரசு உரிமம் பெற்ற கடை. பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறார்கள். சட்டப்படியான வேலைதானே, ஐயா? பிள்ளை போகலாமா?" கேட்கிறவர்கள் பேராசைக்காரர் அல்லர். வீட்டை அடகு வைத்து அனுப்பியவர்கள். கடனுக்கு வட்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆகையால் இக்கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். போகவேண்டாம் என்பதே என் பதில்.

அந்தப் பயிற்சி எத்தகையது என்பதை முதலாவது அறிந்துகொள்ளுங்கள். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோ மாகாணத்தில் தனியார் கடைகள் 2019 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. அங்கே விற்பனைக்கு நிற்கிறவர் 'கேன்செல்' என்னும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. 19 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. போலி அடையாள அட்டையைக் கண்டறிய வேண்டும். ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு மறுத்துவிட வேண்டும். இவற்றை நான் பழிக்கவில்லை. சிறுவன் என்றும் பாராமல் பொட்டலத்தை நீட்டுகிற கள்ளச்சந்தைக்காரனைவிட, அட்டையைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறவர் மேலானவரே. மருத்துவர் வலிக்காக எழுதிக்கொடுப்பதைப் பற்றியும் நான் பேசவில்லை. கனடாவில் அதற்குத் தனி வழி உண்டு.

ஆனாலும் இதைக் கவனியுங்கள். மனித மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ச்சியடைகிறது, அதுவரை கஞ்சா அதற்குக் கூடுதல் கேடு என்று அதே நாட்டின் சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. கடையோ 19 வயதில் கதவைத் திறக்கிறது. பயிற்சி பெற்றவர் அறியாமையால் விற்பதில்லை. அறிந்து, அளந்து, பொட்டலமிட்டு, இன்முகத்தோடு விற்கிறார். அறிவு கூடும்போது பொறுப்பும் கூடுமேயன்றிக் குறையுமோ?

இங்கே வேதம் அறிந்த ஒருவர் என்னை மறித்துக் கேட்கலாம். ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானகனிடத்தில் வந்தபோது, அவன் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லையே? விதித்ததற்கு மிஞ்சி வாங்காதிருங்கள், ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதிருங்கள் என்ற கருத்தில்தானே புத்தி சொன்னான்? இந்தப் பயிற்சியும் அதுதானே?

நல்ல கேள்வி. ஆனால் வரியில்லாமல் எந்த நாடும் நடவாது. காவலில்லாமல் எந்த ஊரும் நிலைக்காது. அங்கே தொழில் தேவையானது; செய்தவர்களின் கைகளே கறைபட்டிருந்தன. யோவான் கைகளைக் கழுவச் சொன்னான். சரக்கே தீங்கானதாய் இருந்தால் என்ன செய்வது? அதற்கு எபேசு பட்டணம் பதில் சொல்கிறது. மாயவித்தைக்காரர் மனந்திரும்பியபோது தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். அவற்றின் மதிப்பு ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. உரிய வயதினருக்கு மட்டும், உரிய எச்சரிக்கையோடு விற்போம் என்று அவர்கள் தீர்மானிக்கவில்லை. அதே அதிகாரத்தில் பிழைப்பைக் காட்டி வாதாடியவன் ஒருவன் உண்டு: தட்டான் தெமேத்திரியு.

சட்டம் அனுமதிக்கிறதே என்பீர்களானால், நம் கடற்கரையைப் பாருங்கள். மண்டபம், வேதாளை, பாம்பன் கரைகளில் இலங்கைக்குக் கடத்தவிருந்த கஞ்சா மூட்டைகள் பிடிபடும் செய்தி நமக்குப் புதிதன்று. 20 கிலோவுக்கு மேற்பட்டால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல். ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. மற்ற நாட்களிலோ எல்லையில் சிறைபிடிக்கப்படும் அச்சம். அந்தப் பசியைக் கண்டுதான் கடத்தல்காரன் இளைஞனை அணுகுகிறான். செடி ஒன்றே. இங்கே சுமக்கிறவனுக்குச் சிறை. அங்கே விற்கிறவனுக்குச் சான்றிதழ். எல்லைதோறும் மாறும் சட்டம் நம்மைத் தண்டனையினின்று காக்கலாம். அயலானுக்கு என்ன செய்தாய் என்ற கேள்வியினின்று காக்காது.

கனடாவைக் குறைகூறிவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடியுமா? 2003 முதல் நம் மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. பட்டம் பெற்ற பிள்ளைகள் மேற்பார்வையாளர்களாக அங்கே நிற்கிறார்கள். அவர்கள் திருடவில்லை, அரசுப் பணி செய்கிறார்கள். ஆயினும் அங்கே கொட்டப்படும் கூலி எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று நம் தாய்மாருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கண்ணீரை நேரில் கண்டவர்கள், கடல் கடந்த ஊரின் கண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அந்தச் சம்பளத்தைத் துதியோடு வாங்கலாமா?

இதைச் சொல்கிறவர்களுக்குச் செலவும் உண்டு. போகாதே என்று பிரசங்கபீடத்திலிருந்து சொல்லிவிட்டு, கடனை அந்தக் குடும்பத்தின் தலையிலேயே விட்டுவிடுவது பரிசேயத்தனம். உங்களில் வசதியுள்ளவர்கள் வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுங்கள். கனடாவில் உறவினர் உள்ளவர்கள் வேறு வேலைக்கு வழி தேடிக்கொடுங்கள். ஏற்கெனவே அக்கடையில் நிற்கும் பிள்ளையைத் தூற்றாதிருங்கள். வெளியே வர அவனுக்குக் காலமும் கைத்தாங்கலும் வேண்டும். பெற்றோரே, இந்த வாரமே பிள்ளையோடு பேசுங்கள். சம்பளம் வந்ததா என்று கேட்குமுன், அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, அயலானின் நலிவில் எங்கள் அப்பத்தைத் தேடாதபடி எங்களைக் காத்தருளும். தூரதேசத்தில் தனித்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல வேலையையும், மறுக்கும் துணிவையும் தாரும். அவர்கள் மறுக்கும்போது அவர்களோடு நிற்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.