எல்லாம் பாதைதானா?

கோடு சரியாக இருந்தால் போதும், அதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்', பல தேசத்து ஜனங்களும் பெரும்பாலும் கூலி வாங்காமல் இணையத்தில் கூடி வரைகிற தேசப்படம். அந்த மட்டில் கைகூப்புகிறேன். அதில் நடக்கும் வழிகளுக்கு முக்கியமாக இரண்டு வகுப்புகள்: 'ஃபுட்வே', 'பாத்'. முன்னது நடப்பவர்களுக்கென்று அமைந்தது. பின்னதில்தான் வம்பு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து போகிற, தார் போட்ட ஆற்றங்கரை வழியும் 'பாத்'. ஆல்ப்ஸ் மலையில் பாறையைக் கையால் பற்றி ஏற வேண்டிய தடமும் 'பாத்'. படிக்கட்டுக்குத் தனி வகுப்புக் கொடுத்த மகானுபாவர்கள், படியே இல்லாத செங்குத்தைப் பாதையோடு சேர்த்துவிட்டார்கள்!

நம் பாஷையில் ஒற்றையடிப்பாதை வேறு, வரப்பு வேறு, சந்து வேறு. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத கிழவிகூட ஒன்றைச் சொல்லி மற்றொன்றுக்கு ஆளை அனுப்பமாட்டாள்.

"கடினத்தைக் குறிக்கத்தான் தனிக் குறிப்பு இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. ஸ்விஸ் ஆல்பைன் கிளப் மலைவழிகளுக்கு வகுத்த 6 தரங்களைச் சேர்த்திருக்கிறார்கள். தரையின் தன்மைக்கும் அகலத்துக்கும்கூட இடம் உண்டு. ஆனால் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி கோடிழுக்கிறவருக்கு, கால் வழுக்கும் சரிவு எப்படித் தெரியும்? சிரத்தையுள்ளவர் நேரில் போய்ப் பார்த்து எழுதினாலும், அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டுகிற செயலி அந்தக் குறிப்பைப் படித்தே ஆகவேண்டுமென்று கட்டாயமில்லை. பூங்காவில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போகிற வழியும், தவறினால் பள்ளத்தில் விழுகிற வழியும் ஒரே மாதிரிப் புள்ளிக்கோடாய் நிற்கும்.

"நடப்பவன் பார்த்து நடக்க வேண்டியதுதான்" என்பது கடைசி வாதம். பார்த்து நடப்பதற்காகத்தானே ஐயா, அவன் படத்தை எடுத்தான்? மலைமேல் பனி இறங்கி, பொழுதும் சாய்ந்த பிறகு அவனுக்கு அந்தக் கோட்டைத் தவிர வேறு கண் ஏது?

மலைத்தடத்துக்குத் தனி வகுப்பு வேண்டும். அது வரும்வரை, தரம் எழுதப்படாத மலைவழியைச் செயலிக்காரர்கள் வேறு நிறத்தில் காட்டட்டும். 'இதை யாரும் பார்த்துச் சொல்லவில்லை' என்று அதன்மேலேயே எழுதட்டும். ஏற்கெனவே வரைந்து குவித்ததையெல்லாம் யார் திருத்துவது என்று அலுத்துக்கொள்கிறார்கள். வரைந்தவர்கள்தான், வேறு யார்?